தற்கொலையைத் தடுக்க அரசாங்கத்தால் என்ன செய்ய முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்திலோ பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலோ தற்கொலைத் தடுப்பு என்று பேச்செடுத்தால், முதலில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அப்புறம் கேள்விகள் நிற்பதில்லை. பெரும்பாலும் குடும்பம் என்ன செய்யலாம், கோயில் என்ன செய்யலாம், ஆசிரியர் என்ன செய்யலாம் என்ற கேள்விகள்தான். அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர் குறைவு. கேட்பவரும் "அவங்கள் என்னத்தைச் செய்யப் போறாங்கள்" என்ற தொனியில்தான் கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்களுக்காகவோ வீட்டில் ஒருவருக்காகவோ பதறிப்போய்த் தேடி இங்கே வந்திருந்தால் மீதியைப் பிறகு வாசிக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம். 1333 இன்னொரு இலவச உளவள ஆலோசனை இலக்கம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 1990 அம்புலன்ஸ். அது 2018 ஜூலையிலிருந்து யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது, காசு கேட்க மாட்டார்கள்.

இது தனி மனிதர் எடுக்கும் முடிவுதானே? அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?

அப்படியானால் ஒரு நாட்டின் எண்ணிக்கை அரசாங்கத்தின் முடிவுகளோடு சேர்ந்து ஏறி இறங்கக் கூடாது. ஆனால் ஏறி இறங்குகிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நடந்தன, உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. இன்று அது கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு. இடைப்பட்ட காலத்தில் எங்கள் மக்களுக்குக் கவலை குறைந்துவிட்டதா என்ன? 1995 என்றாலே எங்களுக்கு வலிகாமம் இடப்பெயர்வுதான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு சுனாமி, அதற்குப் பிறகு 2009. போர்க்காலத்தில் வடக்கின் கணக்கு ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்பது உண்மை, ஆனால் தெற்கிலும் மனிதர்கள் திடீரென்று சந்தோசமாகிவிடவில்லை. வீதம் இறங்கியதற்குக் காரணம் வேறு.

உலகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சத்து 27 ஆயிரம் பேர். அதில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட, வருமானம் குறைந்த நாடுகளிலும் எங்களைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளிலும் நடக்கிறது. 15 முதல் 29 வயது வரையானவர்களின் மரணக் காரணங்களில் மூன்றாவது இடம். 2030க்குள் வீதத்தை மூன்றிலொரு பங்கு குறைப்பதாக ஐக்கிய நாடுகள் இலக்குகளின் கீழ் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒப்புக்கொண்டதோடு சரி என்று இருப்பவையே அதிகம்: 2019இல் கணக்குப் பார்த்தபோது தேசியத் தடுப்புத் திட்டம் வைத்திருந்தவை 38 நாடுகள்தான்.

அப்படியானால் இலங்கையில் வீதத்தை இறக்கியது எது?

நாங்கள் எல்லாரும் "விழிப்புணர்வு" என்று எதிர்பார்ப்போம். நிறையப் பேரின் உயிரைக் காத்தது பேராதனையில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு யாரும் மாலை போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பயிருக்கு அடிக்கும் எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு பதிவாளருக்குக் கொடுத்தது. 1984இல் மிகக் கொடிய சில மருந்துகள் நிறுத்தப்பட்டன. 1995இல், உலக சுகாதார ஸ்தாபனம் முதல் வகுப்பு நஞ்சு என்று தரம் பிரித்திருந்தவற்றில் மிச்சமிருந்தவை போயின. 1998இல் இன்னொன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்று. ஆஸ்பத்திரிகளில் யார் எதனால் சாகிறார்கள் என்று வைத்தியர்கள் கணக்கெடுத்தார்கள், அந்தக் கணக்கு பதிவாளரின் மேசைக்குப் போனது, அவர் ஒவ்வொன்றாக வெட்டினார். முழுக் கதையும் இவ்வளவுதான். 1995க்கும் 2015க்கும் இடையில் இதனால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

1997இல் ஜனாதிபதி அமைத்த ஒரு குழு தேசியத் தடுப்புக் கொள்கை ஒன்றையும் தயாரித்தது. சட்டத்தை மாற்றுவது, மருந்துகளைக் கட்டுப்படுத்துவது, ஊடகங்களோடு பேசுவது எல்லாம் அதில் இருந்தன. சில நடந்தன, சில காகிதத்தோடு நின்றன.

இலவச வைத்தியசாலைகளின் பங்கையும் மறக்கக் கூடாது. தடைகளுக்குப் பிறகு நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடவே செய்தது. ஆனால் வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

தடை என்றால் 2021இல் உரத்தை நிறுத்தின மாதிரியா? கமக்காரர் என்ன செய்வது?

இல்லை. 2021இல் நடந்தது எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திய வேலை. புகையிலை வைத்தவரும் வெங்காயம் வைத்தவரும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பீடைகொல்லி விடயத்தில் நடந்தது நேர்மாறு: ஒரு மருந்தை எடுக்கும்போது அதே பூச்சிக்கு வேலை செய்யும், ஆனால் மனிதரை அவ்வளவு சுலபத்தில் கொல்லாத இன்னொன்று கடையில் இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தார்கள். விளைச்சல் குறைந்ததா என்று பின்னால் ஆராய்ந்தார்கள், குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. கமநல சேவை நிலையத்தில் வரிசையில் நிற்கிற பலருக்கு, இப்படி ஒரு காரணத்துக்காக மருந்து மாறியது என்பதே தெரியாது. நல்ல கொள்கைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேட மாட்டார்களா?

எல்லாக் கூட்டத்திலும் வருகிற கேள்வி இது, பெரும்பாலும் பின்வரிசையில் இருக்கும் ஒரு ஐயாதான் கேட்பார். சிலர் தேடுவார்கள். பெரும்பாலானோர் தேடுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

தற்கொலை முயற்சிகளில் பெரிய பங்கு, மாதக் கணக்கில் திட்டமிட்டு நடப்பதில்லை. வீட்டில் ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு தொலைபேசி அழைப்பு, அதற்குப் பிறகு வரும் ஒரு பொல்லாத அரை மணி நேரம். இலங்கையில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் கேட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. அந்த அரை மணியில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு கொடியது என்பதே ஆள் இருப்பதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. "இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எப்படியும் செய்திருப்பார்" என்பது இறந்த வீட்டில் ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு, உண்மை அதுவல்ல.

பிரித்தானியாவில் 1960கள், 70களில் வீட்டு அடுப்புக்கு வரும் எரிவாயுவை நச்சுக் குறைந்த வாயுவாக மாற்றினார்கள், அது தற்கொலையைத் தடுக்கும் நோக்கத்தில் செய்ததே அல்ல, ஆனாலும் நாட்டின் மொத்த வீதம் இறங்கியது. தென்கொரியா 2011–12இல் ஒரு களைநாசினியை நிறுத்தியது, அங்கும் இறங்கியது. பங்களாதேஷ் 2000இல் கொடிய மருந்துகளை நிறுத்தியது, அங்கும் அதே கதை.

ஆனால் இந்தத் திசையில் எதைச் செய்தாலும் பலிக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். மருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி கொடுத்தால் என்ன என்று அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே பெரிய ஆய்வு செய்தார்கள். யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது, பீடைகொல்லிக் கம்பனிகளுக்கும் பிடித்திருந்தது. 2017இல் முடிவு வந்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. பூட்டைப் போடுவதும் திறப்பதும் வீட்டாரின் தலையில் விழுகிற வேலை. மருந்தே கடையில் இல்லாமல் போனால் யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

முயற்சி செய்து பிழைத்தால் பொலிஸ் பிடிக்குமா?

பிடிக்காது. இலங்கையில் 1998இலேயே அந்தக் குற்றப் பிரிவு தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிப் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கலாம், அது வழக்குப் போடுவதற்கு அல்ல. இத்தனை வருடம் கழித்தும் "கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்துகிற வீடுகள் இருக்கின்றன, அல்லது வைத்தியரிடம் "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்யால் சிகிச்சை பிழையாகிப் போகிறது, பின்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்பாமலும் விடுகிறார்கள்.

எங்கள் சட்டத்தைப் போலவே வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம்தான் பல நாடுகளில். அவன் தன் நாட்டில் 1961இலேயே நீக்கிவிட்டான். இந்தியா 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் அதன் பல்லைப் பிடுங்கியது. சிங்கப்பூர் 2020இலும் பாகிஸ்தான் 2022 இறுதியிலும் மலேசியா 2023இலும் நீக்கின. உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் எண்ணியபோதும் குறைந்தது 23 நாடுகளில் அது குற்றமாகவே இருந்தது. இந்த ஒரு விடயத்தில் நாங்கள் முன்னால் போனவர்கள்.

வெளிநாடுகளில் உண்மையாகவே சாதித்துக் காட்டியவர்கள் யார்?

இரண்டு நாடுகளைச் சொல்வேன்.

பின்லாந்து 1986இல் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, அரசாங்கம் முன்னின்று நடத்திய முதல் பெரிய முயற்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் முதலில் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தது: 1987 ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்தில் நாட்டில் நடந்த ஒவ்வொரு தற்கொலை மரணத்தையும், மொத்தம் 1,397, வீடு வீடாகப் போய்க் குடும்பத்தோடும் வைத்தியரோடும் கதைத்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்துதான் திட்டமே எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு இருந்தது, ஆனால் ஒழுங்கான சிகிச்சை கிடைத்திருக்கவில்லை, குடிப்பழக்கம் கூடவே இருந்தது, இப்படியான விடயங்கள் வெளிவந்தன. 1990இல் இருந்த உச்சத்தோடு பார்த்தால் இன்றைய எண்ணிக்கை பாதிக்கும் கீழே.

யப்பானின் கதை வேறு. 1997இல் 24,391 ஆக இருந்த வருடாந்த எண்ணிக்கை, வங்கிகளும் கம்பனிகளும் விழுந்த நேரத்தில், அடுத்த வருடமே 32,863க்குத் தாவியது. பிறகு பதினான்கு வருடம் தொடர்ந்து முப்பதாயிரத்துக்கு மேல். "அது அவரவர் பிரச்சினை" என்றே அரசாங்கம் இருந்தது. அப்பாவை இழந்த பிள்ளைகளும் கணவனை இழந்த பெண்களும் வெளியில் வந்து பேசத் தொடங்கினார்கள், ஒரு இலட்சம் கையெழுத்துத் திரட்டினார்கள், 2006இல் தற்கொலைத் தடுப்புக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. அதே வருடம் கடன் கொடுக்கும் கம்பனிகளின் வட்டிக்கு உச்சவரம்பு போடும் சட்டமும் நிறைவேறியது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: சுகாதார அமைச்சோடு நிற்காமல் தொழில், நிதி, கல்வி அமைச்சுகளையும் இந்த வேலைக்குள் இழுத்தார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் தன் பகுதிக்கு ஒரு திட்டம் எழுதியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2019இல் எண்ணிக்கை 20,169. கொரோனாக் காலத்தில் பெண்களிடையிலும் பாடசாலைப் பிள்ளைகளிடையிலும் மறுபடி கூடியது, பிள்ளைகள் விடயத்தில் அவர்கள் இன்னும் திண்டாடுகிறார்கள்.

கடனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடக்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. போர் முடிந்ததும் வீதி வந்தது, வீதியோடு நுண்கடன் கம்பனிகளும் வந்தன. கணவனை இழந்த பெண்களுக்கு, குழுவாகப் பிணை வைத்து, கிழமைக்குக் கிழமை கட்டும் கடன். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. கட்ட முடியாத கிழமையில் வசூலிக்க வருபவர் வீட்டு விறாந்தையில் இருட்டும்வரை இருப்பார், குழுவில் உள்ள அயல் பெண்களே ஏசுவார்கள்.

2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது, ஆனால் பெரிய கடன் கம்பனிகள் பல அதன் பிடிக்குள் வரவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது, வட்டிக்கும் ஒரு வரம்பு போட்டார்கள். போதாதுதான். ஆனாலும் என்னைக் கேட்டால் வட்டிக்கு வரம்பு போடுவதும் தற்கொலைத் தடுப்புத்தான். அதை நிதி அமைச்சு செய்கிறது என்பதால் நாங்கள் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

பத்திரிகைகளும் பேஸ்புக்கும் பற்றி அரசாங்கம் என்ன செய்யலாம்?

ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 1980களின் நடுப்பகுதியில் நிலக்கீழ் ரயிலில் தற்கொலைகள் கூடிக்கொண்டு போயின, ஒவ்வொன்றையும் பத்திரிகைகள் படத்தோடு பெரிதாகப் போட்டன. 1987இல் ஊடகங்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுக்கப்பட்டது, அவையும் ஏற்றுக்கொண்டன. ஆறு மாதத்தில் அந்தச் சம்பவங்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தன.

எங்கள் ஊரிலேயே இதன் மறுபக்கம் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இரண்டு இளம் பெண்களின் மரணம் பெரிய செய்தியானது. அதுவரை யாரும் நினைத்திராத அந்த முறை பிறகு வடக்கு முழுவதும் பரவி, பத்து இருபது வருடங்களில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதாமல் விடலாம் என்பதற்கு இந்தப் பந்தியே சாட்சி.

வழிகாட்டிகள் கேட்பது பெரிய விடயம் இல்லை: முறையை விவரிக்காதே, படத்தைப் போடாதே, கடிதத்தை அப்படியே பிரசுரிக்காதே, "காதல் தோல்வியால்", "பெறுபேறு குறைந்ததால்" என்று ஒரே வரியில் காரணம் கட்டாதே, உதவி இலக்கத்தைப் போடு. நெருக்கடியைக் கடந்து வந்த ஒருவரின் கதையைப் போட்டால் அது பாதுகாப்பாகவே வேலை செய்கிறது என்று 2010இல் ஒஸ்திரிய ஆய்வொன்று காட்டியது. எங்கள் இணையத்தளங்களில் சில, ஆளின் பெயர், வயது, ஊர், பேஸ்புக்கில் இருந்து எடுத்த படம் எல்லாவற்றையும் உடல் வைத்தியசாலையில் இருக்கும்போதே போட்டுவிடுகின்றன. செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் வட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. சட்டம் போட்டு இதை நிறுத்தலாமா என்றால், அந்தச் சட்டத்தை அரசாங்கம் வேறு எதற்குப் பாவிக்கும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆசிரியர்களோடு இருந்து கதைத்து ஒப்புக்கொள்ள வைப்பது மெதுவான வழி, ஆனால் வியன்னாவில் அதுதான் நடந்தது.

பாடசாலைகளில்?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை ஒரு பிள்ளையின் பெறுமதியை ஊரே பெறுபேற்றில் பார்க்கிறது, 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம் தனியார் கல்வி நிலையங்களின் தட்டிகளில் தொங்குகிறது. இது பற்றி எல்லாரும் பேசுவதால் நான் நீட்டவில்லை. அரசாங்கம் செய்யக்கூடிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில், தேர்வில் தவறிய பிள்ளை ஒரு வருடம் காத்திருக்காமல் கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்று கொண்டுவந்தார்கள். சென்னையில் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய வைத்தியர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் அதற்காகத் தொடர்ந்து வாதாடினார்கள். செலவு பெரிதில்லை, ஒரு வினாத்தாளும் மண்டபமும். எங்கள் பரீட்சைத் திணைக்களம் இதைப் பற்றி யோசிக்கலாம்.

மற்றது, ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பாடசாலைகளில் 11,110 மாணவர்களிடையே செய்த ஆய்வு. பிள்ளைகளுக்கே மன அழுத்தம், நண்பனுக்கு எப்படி உதவுவது என்பவற்றை நடித்தும் கதைத்தும் பழக்கிய சில மணி நேர வகுப்புகள், ஒரு வருடத்தின் பின் தற்கொலை முயற்சிகளை ஏறத்தாழப் பாதியாக்கியிருந்தன. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பாடசாலைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. இங்கே கருத்தரங்கு என்றால் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு மணித்தியாலம் பேச, பிள்ளைகள் நிலத்தில் இருந்து கேட்பது. அதில் பலன் வரும் என்று நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது?

தேசியத் திட்டங்கள் பலவும் ஓட்டையாய் இருக்கும் இடம் இது. ஏற்கெனவே ஒரு தரம் முயன்றவருக்கு ஆபத்து அதிகம், அதிலும் வீடு திரும்பிய முதல் கிழமைகளில். உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. கொழும்பும் சென்னையும் அதில் இருந்தன. முயன்று பிழைத்த 1,867 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதிக்கு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் இருந்து கதைத்தார்கள், பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தரம் தொலைபேசியிலோ நேரிலோ "எப்படி இருக்கிறீர்கள்" என்று விசாரித்தார்கள். கடைசியில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

இதற்கு நிபுணர் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஒரு தாதி போதும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கிருப்பவர்கள் ஏற்கெனவே ஓடி ஓடி வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது அழைப்பை எடுக்க ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது மேலே உள்ளவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

குடியைக் கட்டுப்படுத்தினால் குறையுமா?

குறையும். சோவியத் ஒன்றியத்தில் 1985இல் கோர்பச்சேவ் மதுவை இறுக்கியபோது தற்கொலை வீதம் சட்டென்று இறங்கியது, தளர்ந்ததும் ஏறியது. எங்களிடம் வரி கூடினால் கசிப்புக் கூடுகிறது என்பதால் வரியை மட்டும் நம்ப முடியாது. மதுவரித் திணைக்களமும் பொலிசும் நினைத்தால்தான் நடக்கும், நினைப்பார்களா என்பதை உங்கள் ஊர் நிலைமையை வைத்து நீங்களே சொல்லுங்கள்.

உதவி இலக்கம் போட்டுவிட்டால் போதாதா?

போதாது, ஆனால் இல்லாமலும் இருக்க முடியாது. அமெரிக்கா 2022 ஜூலையில் நாடு முழுவதற்கும் 988 என்று மூன்றே இலக்கங்களில் ஒரு எண்ணைக் கொண்டுவந்தது, இந்தியா அதே வருடம் ஒக்டோபரில் 14416ஐத் தொடங்கியது. இலக்கம் ஞாபகத்தில் நிற்க வேண்டும், எடுத்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும், உங்கள் மொழியில் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதில் நாங்கள் கவனமாக இருக்க வேண்டும்: தமிழில் கதைப்பவர் எல்லா நேரமும் கடமையில் இருக்கிறாரா என்று கேட்பது எங்கள் உரிமை.

ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்ததாகாதா?

ஆகாது. "சாக வேண்டும் போல இருக்கிறதா" என்று அன்பாக நேரே கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை, பலருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்குகிறது. பல நாடுகள் கிராம மட்டத்தில் இருப்பவர்களுக்கு இப்படிக் கேட்கப் பயிற்சி கொடுப்பது இதனால்தான். எங்களிடம் அதற்குப் பொருத்தமானவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: குடும்ப நல உத்தியோகத்தர், விதானையார் என்று நாங்கள் சொல்லும் கிராம சேவகர், சமுர்த்தி உத்தியோகத்தர். எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது வைத்தியருக்கு முன் விதானையாருக்குத் தெரியும்.

கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்? அதை நம்பலாமா?

இலங்கையில் பொலிஸ்தான் வருடாவருடம் எண்ணிக்கையை வெளியிடுகிறது, அண்மைய வருடங்களில் அது மூவாயிரத்துக்கு மேலேயே நிற்கிறது. ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கத் திடீர் மரண விசாரணை அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவர் என்ன எழுதுகிறாரோ அதுவே கணக்கு. வீட்டாரின் மானத்துக்காக "விபத்து" என்று எழுதப்படுவதும் உண்டு. காரணம் என்ற கட்டத்துக்குள் "குடும்பப் பிரச்சினை" என்று இரண்டு சொல் எழுதப்பட்டால் அதிலிருந்து எந்த அமைச்சும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பின்லாந்துக்காரர் ஒரு வருடம் வீடு வீடாகப் போனதற்குக் காரணம் இதுதான். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு மட்டுமாவது அப்படி ஒரு வருடக் கணக்கெடுப்பைப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் மாவட்டச் செயலகமும் சேர்ந்து செய்யலாம், அதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கக்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைப் பற்றி என்ன கேட்பது?

"விழிப்புணர்வு செய்வீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், உடனே ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இப்படிக் கேளுங்கள்: இப்போது அனுமதி உள்ள மருந்துகளில் எதனால் அதிகம் பேர் இறக்கிறார்கள், அதன் அனுமதி எப்போது மறுபடி பரிசீலிக்கப்படும்? கிழமைக் கடன் கம்பனிகளைக் கண்காணிப்பது யார், முறைப்பாடு கொடுத்தால் யார் வருவார்? மாவட்டத்தில் தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தர் பதவிகள் எத்தனை, அதில் எத்தனை வெற்றிடம்? முயன்று பிழைத்து வீடு திரும்பியவரை ஒரு மாதத்துக்குள் யாராவது தொடர்பு கொள்கிறார்களா? தவறிய பிள்ளைக்கு இரண்டாவது பரீட்சை எப்போது? பதில் தெரியாவிட்டால் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.